ஒயரில்தான் கோளாறு

கோளாறு ஒயரில்தான் இருக்கவேண்டும், வேறெங்கே இருக்கப்போகிறது என்று செல்வநாயகி ஒயரின் ஒரு முனையைக் கால் பெருவிரலால் அழுத்திக்கொண்டு மறு முனையின் கறுப்புத் தோலைப் பிளேடால் சுற்றிக் கீறி உருவினாள். உள்ளே மூன்று கம்பிகள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, ஒன்று எதையும் போர்த்திக்கொள்ளாத வெறும் செம்பு நார். தலைமுடியைவிட மெலிசு. கம்ப்யூட்டர் முன்னறையில், ஸ்பீக்கர் பெட்டி பின்னறையில், நடுவில் அவள் ஒட்டுப்போட்ட ஒயர் நிலைப்படியை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் பின்னறைத் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகு தெரிந்தது. முதுகு மட்டும். அரைஞாண் கயிறு, பிடரியில் வேர்க்குரு, மொட்டையடித்து இப்போதுதான் முளைத்துவரும் முடி, இரண்டு பக்கமும் விரிந்து நிற்கும் காதுகள், காதில் குத்தின இடத்தில் தங்கப் பொட்டு. கையில் ஒரு தார்க்குச்சி, தறி நாடாவுக்குள் போட நூல் சுற்றுகிற மரக்குச்சி, அதை இந்தப் பல்லுக்கும் அந்தப் பல்லுக்கும் மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தான். தரணீ என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை. கையில் வேலையிருக்கும்போது சும்மா விளையாடுகிற பிள்ளையைக் கூப்பிடுவானேன், கூப்பிட்டால் எழுந்து வந்து பிளேடைப் பிடிப்பான், வெட்டிக்கொள்வான், அது வேறு. காலையிலிருந்து ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நேற்றும் இல்லை. அவனுக்கு முன்னால் போய் நின்று கையை நீட்டித் தூக்கிக்கொள்கிற பழக்கம் எப்போதிலிருந்து வந்தது? சரி போகட்டும், முதலில் ஒயர்.

ஊர் இழவு விழுந்த மாதிரிக் கிடந்தது. கூலி உயர்த்திக் கேட்டுத் தறிகளை நிறுத்திப் பல நாளாகிறது. பக்கத்துச் சுவரை ஒட்டித்தான் குடோன், அதன் கதவில் பூட்டுத் தொங்குகிறது, உள்ளே அத்தனை தறிகளும் நூலோடு நூலாக நிற்கின்றன. கல்யாணமாகி வந்த நாளாக இப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. காக்கை நடப்பது ஓட்டின்மேல் கேட்கிறது, தெருக்கோடியில் யாரோ பல் விளக்கித் துப்புவது கேட்கிறது. இந்த ஊரில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது, ரகசியம் என்றால்கூட நாலு வீட்டுக்குப் போய்ச் சேரும். குடோனுக்குள்ளோ எவ்வளவு கத்தினாலும் எடுபடாது, அங்கே கைப்பேச்சுதான். உள்ளங்கையை வயிற்றில் வைத்தால் சோற்று நேரம், விரலைக் கத்தரி மாதிரி ஆட்டினால் நூல் அறுந்துபோச்சு, இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறான். பிள்ளை வயிற்றில் இருக்கும்போதும் அவள் அங்கேதான் நின்றாள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு மீசையை முறுக்கியதற்கு எல்லோரும் சிரித்துச் சிரித்து ருக்மணியக்காவுக்குப் புரையேறிவிட்டது. அத்தனை சத்தமும் வயிற்றைத் தாண்டி உள்ளே போயிருக்குமோ. அந்தப் பக்கம் போகாதே. பிளேடு கையில் இருக்கிறது, விரலைப் பார்.

இந்த ஒயர் வேலை வந்ததே அந்த அமைதியால்தான். தறி நின்றதிலிருந்து பிள்ளை சொங்கிப்போனான். முன்னெல்லாம் கரண்ட் போய்த் திரும்பி வந்து பக்கத்தில் தறிகள் கிளம்பினால் போதும், தரையில் உட்கார்ந்திருப்பவன் விலுக்கென்று நிமிர்வான், நாலு பக்கமும் பார்ப்பான், கெக்கெக்கே என்று சிரிப்பான். பட்டாசு வெடித்தால் அசையமாட்டான், காதோரம் நாய் குரைத்தால் திரும்பமாட்டான், குக்கர் விசில் அடித்தால் ம்ஹூம். பிறந்த நாளிலிருந்து தறிச் சத்தத்தில் கிடந்த பிள்ளைக்கு விசில் எந்த மூலைக்கு என்று ஊரே சொன்னது, அவளும் சொன்னாள், பெருமையாகவே சொன்னாள். தறிக்காரன் பெத்த புள்ள, தறி ஓடினாத்தான் முழிப்பான். இப்போது தறி ஓடாததால் அவனுக்கு ஏக்கம், அவ்வளவுதான் என்று பட்டது. அவளுடைய போனில் குடோன் சத்தம் இருந்தது, எப்போதோ ஒரு தறி தாளம் மாறி அடித்தபோது ஃபிட்டருக்கு அனுப்பப் பிடித்து வைத்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முன்னறைக் கட்டிலில் பிள்ளையை உட்காரவைத்து, பக்கத்திலேயே பெரிய பெட்டியை வைத்து ஓடவிட்டாள். சிரித்தான். பெட்டியைக் கட்டிப் பிடித்துக் கன்னத்தை வைத்துச் சிரித்தான். அன்றைக்கு அவள் பாயசம் வைத்தாள். எதற்குப் பாயசம் என்று அவர் கேட்டார், சும்மா என்றாள். சும்மாவா? அடுப்படியில் போய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதவளுக்கு அது சும்மா இல்லை என்று தெரியும். ஆனால் முன்னறையில் அவளுக்குப் பிழைப்பு இருக்கிறது. டவுன் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையும் இங்கிருந்துதான் அடித்து அனுப்புகிறாள், பிள்ளை வந்து எழுத்துப் பலகையில் தபேலா வாசித்தால் மணமகன் பெயரே மாறிவிடும். ஆகையால் பிள்ளையைப் பின்னறைக்கு மாற்றி, பெட்டியை அவன் கைக்கு எட்டாமல் பின்னறை அலமாரி மேல்தட்டில் ஏற்றி, பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகுகிற பச்சை முனை ஒயரை நடுவில் வெட்டி நீளத்துக்கு ஒட்டுப்போட்டாள். அதே சத்தத்தைப் போட்டாள். திரும்பவில்லை. பெட்டி அதே பெட்டி, சத்தம் அதே சத்தம், பிள்ளை அதே பிள்ளை, புதிதாக வந்தது ஒயர்தானே. தறி நின்றுபோனால் எப்படிப் பார்ப்போம்? முதலில் நூல், பிறகு நாடா, பிறகு பெல்ட்டு, கடைசியில்தான் மோட்டார். எடுத்த எடுப்பில் மோட்டாரைக் கழற்றுகிறவன் முட்டாள். மோட்டார் வரைக்கும் போக வேண்டியே இருக்காது.

முதல் ஒட்டுத் தப்பு என்பது நிஜம், அவளே கண்டுபிடித்தாள். தறிச் சத்தம் அமுங்கின மாதிரி வருகிறதே என்று ஒரு தாலாட்டுப் பாட்டைப் போட்டுப் பார்த்தால், உடுக்கை எங்கோ கிணற்றுக்குள் அடிக்கிறது, புல்லாங்குழல் மூலையில் இழுக்கிறது, பாடுகிறவளைக் காணோம். பாட்டு முழுக்க ஓடி முடிகிறது, ஒரு சொல் இல்லை. தாலாட்டில் தாயைக் காணோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. நெட்டில் தேடினால் ஒரு பையன் வீடியோவில் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னான், வெறுங்கம்பிதான் எர்த்து, அதை விட்டுப்போட்டு மற்ற ரெண்டை மட்டும் சேர்த்தால் ரெண்டு பக்கமும் பொதுவாக வருகிற குரல் ஒன்றையொன்று தின்றுவிடும், மிச்சம் மீதிதான் வெளியே வரும். அவள் கையில் இருந்ததோ மோட்டார் ரூமில் கிடந்த இரட்டை ஒயர், மூன்றாவதுக்கு வழி இல்லை, அதனால்தான் விட்டிருந்தாள். இன்னொரு ஒற்றை ஒயரைக் கூட இழுத்து எர்த்தைச் சேர்த்ததும் அந்தம்மாள் கணீரென்று வந்துவிட்டாள். குரல் தின்றுபோகுமாம். பெட்டி நன்றாகத்தான் இருக்கும், பாட்டு நன்றாகத்தான் இருக்கும், நடுவில் மயிரிழைக் கம்பி ஒன்று சேராததால் பேச்சு மட்டும் வராது. அப்படியும் இருக்கலாம் இல்லையா, ஒரு பிள்ளைக்கும் உள்ளே எங்கோ ஒரு இழை மட்டும். சேர்த்துவிட்டால் வந்துவிடுகிற இழை. ஸ்டெல்லா நர்சம்மா அதைத்தான் சொன்னாளோ. தடுப்பூசி போட்ட அன்று பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்த்தாள், அவன் திரும்பினான், பாத்தீங்களா திரும்பிட்டான் என்று நாயகி கைதட்டாத குறை. ஆனால் சாவி குலுங்கும்போது நர்சம்மாவின் நிழல் எதிர்ச் சுவரில் ஆடியது. நாயகி பார்த்தாள். சொல்லவில்லை. நர்சம்மாவும் பார்த்திருப்பாள் போல, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நாளைக்கழிச்சு ஆஸ்பத்திரி வண்டி வருது அம்மிணி. காது பாக்கற டாக்டர் இருப்பாரு. தூங்க வெச்சு மிசினு வெச்சுப் பாப்பாங்க, வலியெல்லாம் ஒண்ணுமில்ல. சின்னதுலயே பாத்தா வழி இருக்குது, நாள் போகப்போக அது அடைஞ்சுக்கிட்டே போகும். நாளைக்குப் பொழுது எறங்கறதுக்குள்ள ஒரு போன் போட்டுச் சொல்லிப்போடு, வண்டியில எடம் வெக்கோணும்" என்றாள். அது நேற்று. இன்று பொழுது வேப்பமரத்துக்கு மேற்கே போய்விட்டது. போன் பக்கத்திலேயே, பிளேடுக்கும் தீப்பெட்டிக்கும் நடுவில், குப்புறக் கிடக்கிறது.

"என்னடி நாயகி, பட்டப்பகல்ல ஒயரை உரிச்சுக்கிட்டு, மின்சார வாரியத்துல வேல கெடச்சுருச்சா?" ருக்மணியக்கா எதிர்வீடு, குடோனில் அவளுக்கு அடுத்த தறி, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சைத் தொடங்கிவிடுவாள். "டவுன்ல பேசிக்கிட்டு இருக்கறாங்களாம், இன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சுருமாம். என்ற வீட்டுக்காரரு சட்டையெல்லாம் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு நிக்கறாரு, தறி ஓட்டப் போறவரா பொண்ணுப் பாக்கப் போறவரான்னு தெரீல." நாயகிக்குச் சிரிப்பு வந்தது, பிளேடு நழுவியது. "புள்ளைக்கு இன்னும் சத்தம் காட்டிக்கிட்டு இருக்கறயாக்கும்." "ஒயர்ல என்னமோ கோளாறுக்கா, சத்தம் செரியா போய்ச் சேரமாட்டேங்குது." "சத்தம் எதுக்குடி, பேச்சு வரோணும் அதானே? ராத்திரில நாக்குல அதத் தடவுனியா?" "எதய?" "அதான்டி, பேரு சொல்லாதது." வசம்பு. அதைப் பேர் சொல்லி இந்தப் பக்கம் யாரும் கேட்கமாட்டார்கள், கடைக்காரனிடம்கூடப் பேர்சொல்லாதது ஒரு துண்டு என்றால்தான் எடுத்துத் தருவான், பேரைச் சொன்னால் பலிக்காதாம். சுட்டு, உரைத்து, தேனில் குழைத்துத் தினமும் தடவிக்கொண்டுதான் இருக்கிறாள். பிள்ளை மூஞ்சியைச் சுளிக்கிறான், எச்சிலை வடிக்கிறான், தே தே என்கிறான். தே தே என்றால் என்ன? முன்பு ம்மா என்று ஒன்று வந்தது, அது எங்கே போனது? "ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும். அவங்கப்பன் பள்ளிக்கொடம் போறவரைக்கும் பேசல, இப்ப வாய மூட முடியுதா?" என்று ருக்மணியக்கா பிள்ளையின் பக்கம் திரும்பி, "ஏன்டா திருடா, அத்தையப் பாரு" என்று தெருவுக்கே கேட்கக் கூப்பிட்டாள். பிள்ளையின் முதுகு அப்படியே இருந்தது. தார்க்குச்சி கடவாய்ப் பல்லுக்கு மாறியது. "பாத்தியா ராங்கிய, கேக்காத மாதிரியே உக்காந்திருக்கறான்." கேட்காத மாதிரி. மாதிரி. நாயகி தலையைக் குனிந்துகொண்டு வெள்ளையை வெள்ளையோடு முறுக்கினாள். இறுக்கி முறுக்கினதில் இழை அறுந்தது. "செரி, நான் போய் என்னாச்சுன்னு பாக்கறேன்" என்று அக்கா போய்விட்டாள், போகும்போது நிலைப்படியில் ஒயரை மிதிக்காமல் தாண்டிப் போனாள், நல்ல அக்கா.

பேர்சொல்லாதது. எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும்போல. வசம்புக்கு ஒரு பேர் இருக்கிற மாதிரி அவளுடைய பயத்துக்கும் ஒரு பேர் இருக்கிறது, மூன்றெழுத்து, அதை அவள் மனசுக்குள்ளும் முழுசாகச் சொன்னதில்லை. முதல் எழுத்து வரும்போதே வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள், வெங்காயம் உரிப்பாள், துணியை மடிப்பாள். ஒரே ஒரு தடவை அவரிடம் தொடங்கினாள், மாமா, பையனுக்கு ஒருவேளை என்றாள், அவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார். உன்ற வாயில அந்தச் சொல்லு வரப்படாது பாத்துக்க. பலித்துவிடும் என்ற பயம் அவருக்கும். பேரைச் சொன்னால் மருந்து பலிக்காது, பேரைச் சொன்னால் நோய் பலித்துவிடும், அப்படியென்றால் வாயை எதற்குத்தான் கொடுத்தான் ஆண்டவன். சரி, இப்போது இரைச்சல். எர்த்துச் சேர்ந்த பிறகும் பெட்டியில் ஊம் என்று ஒரு இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருந்தது, பாட்டை நிறுத்தினாலும் நிற்கவில்லை. அந்த வீடியோப் பையன் அதற்கும் சொல்லியிருந்தான், கரண்ட் ஒயர் பக்கத்திலேயே இதையும் இழுத்தால் அதன் சத்தம் இதில் ஏறும், தள்ளி இழு. பார்த்தால் ஃபிரிட்ஜ் ஒயரையும் இதையும் அவளே ஒரே ஆணியில் சேர்த்துக் கட்டியிருக்கிறாள். பிரித்துச் சுவரின் மறுபக்கமாக இழுத்தாள், இரைச்சல் போய்விட்டது. ஒவ்வொன்றாகச் சரியாகிக்கொண்டே வருகிறது. கோளாறு தீர்ந்துகொண்டே வந்தால் சந்தோஷம்தானே வரவேண்டும். கோளாறெல்லாம் தீர்ந்துவிட்டால் அப்புறம் எது மிச்சம்.

போன் அதிர்ந்தது. நர்சம்மாவோ என்று பார்த்தாள், அவர்தான். தறி நின்றதால் நாலு நாளாகத் திருப்பூரில் பனியன் மடிக்கப் போயிருக்கிறார் ஈஸ்வரமூர்த்தி, அங்கேயும் சத்தம். "மாமா, நர்சம்மா நாளைக்கு வண்டி வருதுன்னாங்க." "என்ன?" "வண்டி. ஆஸ்பத்திரிக்கு." "கேக்கல, சத்தமாப் பேசு!" "புள்ளையக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு!" "புள்ளைக்கு என்ன, காச்சலா?" "காச்சல் இல்லீங்க." "அப்பறம் என்னத்துக்கு? பேரு வெச்ச அன்னைக்குக் காதுல சொன்னப்ப எப்புடிச் சிரிச்சான், மறந்துட்டயா?" வைத்துவிட்டார். இந்த ஊரில் யாருக்குத்தான் முழுசாகக் கேட்கிறது. மறக்கவில்லை. வெற்றிலையைக் காதோரம் மறைவாகப் பிடித்துக்கொண்டு அத்தை மூன்று முறை, அவர் மூன்று முறை, அப்புறம் அவள், தரணீஷ், தரணீஷ், தரணீஷ். சிரித்தான்தான். தோளைக் காதோடு சேர்த்துக் குறுக்கிக்கொண்டு சிரித்தான். காதில் யார் மூச்சுப் பட்டாலும் அப்படித்தானே கூசும். மூச்சு. பேர் அவனுக்குள் போகவேயில்லையோ. இத்தனை நாளாக வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அவன் பேர் தெரியும், அவனைத் தவிர. காதுகுத்தில் மாமன் மடியில் உட்காரவைத்தபோது தவில்காரர் காதருகே நின்று வெளுத்து வாங்கினார், தூங்கி வழிந்தான், ஊசி பட்டபோதுதான் வீறிட்டான், என்ன தைரியம் பாரு மருமகனுக்கு என்று அவள் அண்ணன் மீசையைத் தடவிக்கொண்டான். திரையில் பாதியில் நிற்கிற பத்திரிகையும் காதணி விழாதான். அன்புடையீர் வரைக்கும் அடித்து வைத்திருக்கிறாள்.

கடைசியாக ஒன்று பாக்கி. பெரிய பெட்டியோடு சேர்ந்த இரண்டு சின்னப் பெட்டிகளில் ஒன்று விட்டு விட்டுப் பேசியது, தொட்டால் வந்தது, விட்டால் போனது. ஒட்டு இறுக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிடிக்கவில்லை. உற்றுப் பார்த்தால்தான் தெரிந்தது, அந்தச் சிவப்பும் வெள்ளையும் வெறும் நிறமல்ல, இழைமேல் பூசின மெழுகு மாதிரி ஒரு பூச்சு. அது இருக்கிறவரை செம்பு செம்பைத் தொடாது, தொட்ட மாதிரித் தெரியும், தொட்டிருக்காது. தீக்குச்சியைக் கிழித்து நுனியைக் காட்டினாள், பூச்சுப் புகைந்தது, நகத்தால் சுரண்டிப் பளபளவென்று ஆன இழைகளை முறுக்கி டேப்பைச் சுற்றினாள். கை சுட்டுவிட்டது. ஓடவிட்டாள். பின்னறையிலிருந்து தறிகள் கிளம்பி வந்தன, நாடா இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்து அடித்தது, தாளம் மாறின அந்த ஒரு தறிகூடத் தனியாகக் கேட்டது, தூரத்தில் அவளே யாரையோ பார்த்துக் கத்துகிற சத்தமும் கேட்டது. இரைச்சல் இல்லை, விடுதல் இல்லை, இரண்டு பக்கமும் ஒரே சீர். இதைவிடச் சுத்தமாகச் சத்தம் வராது. எழுந்து நிலைப்படியில் வந்து நின்றாள். அலமாரியின் மேல்தட்டிலிருந்து குடோனே அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது, பிள்ளையின் முதுகு தன்பாட்டில் இருந்தது, பல்லிடுக்கில் தார்க்குச்சி. அலமாரி உயரம், சத்தம் தலைக்கு மேலே போய்விடுகிறது. அதுதான். பெட்டியை இறக்கினாள், ஒயர் இழுபட்டது, அவனுக்குப் பின்னால் தரையில் ஒரு பாயை நாலாக மடித்து அதன்மேல் வைத்தாள், இன்னும் சத்தத்தைக் கூட்டினாள். இல்லை. அன்றைக்குச் சிரித்தானே, இதே பெட்டி, கட்டிலில். கட்டிலில். பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, யோசிக்காமல்தான், அவன் கையைப் பிடித்துப் பெட்டியின்மேல் வைத்தாள். தார்க்குச்சி விழுந்தது. சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தான், பெட்டியைப் பார்த்துச் சிரித்தான், இன்னொரு கையையும் வைத்தான். கையை எடுத்துவிட்டாள். முகம் அணைந்தது. வைத்தாள். சிரிப்பு. பாட்டோ தறியோ அதெல்லாம் வேண்டாம் என்று ஒட்டைப் பிரித்து, பெட்டிப் பக்கத்துக் கம்பியைத் தன் விரல் நுனியால் தொட்டாள். அவள் உடம்பிலிருந்தே எதுவோ கம்பியில் ஏறிப் பெட்டி கொர்ர் என்று உறுமியது. கை இருந்தபோது கெக்கெக்கே, கை இல்லாதபோது எத்தனை உறுமினாலும் ஒன்றுமில்லை. உள்ளங்கைக்குத்தான் கேட்கிறது. ராத்திரி தாலாட்டுப் பாடினால் அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டேதான் தூங்குவான், கையை எடுத்துவிட்டால் சிணுங்குவான், எவ்வளவு பாசம் பார் என்று அவள் பூரித்துப்போயிருக்கிறாள். அப்படியும் ஒரு நூல் மிச்சமிருந்தது. குடோன். குடோனில் தறி கிளம்பினால் திரும்பிப் பார்ப்பானே, அதைத் தொட்டா பார்க்கிறான், அது சுவருக்கு அப்பால் அல்லவா இருக்கிறது. அது ஒன்று போதும். அது ஒன்று இருக்கிறவரை போனை எடுக்க வேண்டியதில்லை.

வேப்பமர நிழல் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது பக்கத்தில் பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு தறி. அதைத் தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக, சாரை சாரையாக, அத்தனையும். ஓடு அதிர்ந்தது, டம்ளர் தட்டில் நடுங்கியது, பாயில் கிடந்த தார்க்குச்சி தானாக உருண்டது. பிள்ளை விலுக்கென்று நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்துச் சிரித்தான். "நாயகீ! பேசி முடிச்சுட்டாங்களாம்டி!" ருக்மணியக்கா நிலைப்படியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள், "அட பாருடி, பாருடி உன்ற பையன! தறிச் சத்தம் கேட்டதும் சிரிக்கறதப் பாரு! இவனப் போயி என்னமோ ஏதோன்னு..." அக்காவின் கண்ணில் நீர் தளும்பியது. நாயகியும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்துவிடலாம் என்றிருந்தது. அக்கா சாட்சி, ஊர் சாட்சி, அவர் வந்ததும் சொல்லலாம், பாயசம் வைக்கலாம். நூலைப் பார்த்தாச்சு, நாடாவைப் பார்த்தாச்சு, பெல்ட்டைப் பார்த்தாச்சு. குனிந்தாள். சிரித்துக்கொண்டிருந்த பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தரையிலிருந்து தூக்கி, தன் உடம்பில் படாமல், இரண்டு கையாலும் அந்தரத்தில் பிடித்தாள். பிளக்கைப் பிடுங்கின மாதிரிச் சிரிப்பு நின்றது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவன் கீழே தரையைப் பார்த்தான், காணாமல்போனதைத் தேடுகிற மாதிரிக் கால்விரல்களை நீட்டினான். இறக்கினாள், பாதம் சிமெண்டில் பட்டது, கெக்கெக்கே. தூக்கினாள், இல்லை. நிலைப்படியில் ருக்மணியக்காவின் கை மட்டும் மெல்ல எழுந்து விரலைக் கத்தரி மாதிரி ஆட்டியது. அறுந்துபோச்சா? நாயகி பிள்ளையை இடுப்பில் இருத்திக்கொண்டு போனைத் திருப்பி எடுத்தாள்.

"அல்லோ, யாருங்க?" "நாயகிங்க, நர்சம்மா." "யாரு? அங்க என்ன அத்தன இரைச்சலு?" "நாயகிங்க! தறி ஓடுதுங்க!" "ஆ, சொல்லு அம்மிணி." தொண்டை வரை வந்தது. முதல் எழுத்து வந்தது, பழக்கப்படி வேறு பக்கம் திரும்பப் பார்த்தது, திரும்ப இடமில்லை. "கேக்கலீங்க." "கேக்கலயா? எனக்கு நல்லாக் கேக்குதே. வெளிய வந்து பேசு, டவர் இருக்காது." "எனக்குக் கேக்குதுங்க." "அப்பறம் என்ன?" "கேக்கலீங்க, நர்சம்மா." "அட, என்ன பேச்சு இது, நீ பேசறது எனக்குக் கேக்குதும்மா!" "பையனுக்குங்க!" தறிகளுக்கு மேலே எழும்பக் கத்தினாள். "பையனுக்குக் காது கேக்கலீங்க! செவிடுங்க! என்ற பையன் செவிடுங்க! வண்டியில எடம் வெச்சுப்போடுங்க!" தறிச் சத்தத்தில் அது தெருவுக்குக்கூடப் போயிருக்காது, நிலைப்படியில் நின்ற அக்காவுக்குமே காதில் விழுந்திருக்காது, ஆனால் தறிக்காரிக்கு வாயசைவு போதும், அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இடுப்பிலிருந்த பிள்ளையின் உள்ளங்கை எப்போது அங்கே போனதோ, நாயகியின் கழுத்தில், குரல்வளைமேல், விரல்களை விரித்துப் பதிந்திருந்தது. அவள் அந்தச் சொல்லைக் கத்தக் கத்த அவன் கெக்கெக்கே என்று துள்ளித் துள்ளிச் சிரித்தான். நர்சம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், காலையில தயாரா இரு என்பது மட்டும் கேட்டது. நாயகி வாயை மூடினாள். சிரிப்பும் நின்றது. கையை எடுக்காமல், அவள் முகத்தையே பார்த்தபடி, மறுபடி ஓடும் என்று அவன் காத்திருந்தான்.